வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

மாதத்தின் கடைசி நாட்களில், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களும் கழுவியான பிறகு, நம் நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காரியம் நடைபெறுவதுண்டு. குடும்பத் தலைவி, கிழித்த காலண்டர்த் தாளின் பின்புறத்திலோ, குழந்தைகள் எழுதி முடித்த நோட்டுப் புத்தகத்தின் மீதித் தாளிலோ, அம்மாதத்துச் செலவை எழுதிக் கூட்டிப் பார்க்கிறாள். பாலுக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய், பருப்பு, புளிக்கு இவ்வளவு. காஸ் சிலிண்டர், மின்சாரக் கட்டணம், வீட்டு வாடகை, பள்ளிக்கூட வேன், மாமியாருக்கு மருந்து, சீட்டுப் பணம், அடகு வைத்த நகைக்கு வட்டி என்று ஒவ்வொன்றாக எழுதி வருகிறாள். கூட்டுத் தொகைக்கும் கையிருப்புக்கும் பொருந்தாவிட்டால் அவளுக்கு உறக்கம் கொள்வதில்லை. "இருநூறு ரூபாய் இடிக்கிறதே, எங்கே போயிற்றென்று பாருங்கள்" என்று கணவனைக் கேட்கிறாள். அவன் சற்று யோசித்து, உறவினர் வந்திருந்த தினத்தில் பலகாரம் வாங்கியதை நினைவுபடுத்துகிறான். அதையும் எழுதிய பின்னரே நோட்டு மூடப்படுகிறது.

மறுநாட் காலையில் அதே வீட்டு வாசலில் பத்திரிகை வந்து விழுகிறது. ஒரு பக்கத்தில் பத்தாயிரம் கோடியில் ஒரு திட்டம் அறிவிக்கப்படுகிறது. மற்றொரு பக்கத்தில் இருபதினாயிரம் கோடியில் ஒரு திட்டத்திற்கு அஸ்திவாரக் கல் நாட்டப்படுகிறது. மூன்றாவது பக்கத்தில் இரு கட்சியார் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்கின்றனர். போன வருஷம் அறிவித்த பத்தாயிரம் கோடி என்னவாயிற்று என்ற செய்தியோ எந்தப் பக்கத்திலும் இல்லை. காபியைக் குடித்துக்கொண்டே இவற்றைப் படித்த குடும்பத் தலைவர், "என்னவோ செய்துகொண்டு போகிறார்கள், நமக்கென்ன?" என்று பெருமூச்சு விட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கிறார். இரவில் 200 ரூபாய்க்குக் கணக்குக் கேட்ட அதே வீடு, காலையில் 20,000 கோடி ரூபாய்க்குக் கணக்குக் கேட்கவில்லை. இந்த விந்தையைப் பற்றியே இன்று நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

கேளாமைக்கு முதற் காரணம், அது தங்கள் பணமன்று என்று பெரும்பாலான ஜனங்கள் எண்ணிக்கொண்டிருப்பதே. வரி கொடுப்பவர் யாரோ பெரிய உத்தியோகஸ்தர்கள், வர்த்தகப் பிரபுக்கள் என்ற எண்ணம் பலருடைய உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறது. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்பது பெரும் பிசகு. காலையில் எழுந்து பல் துலக்குவது முதல் இரவு விளக்கணைப்பது வரையில் வரி கொடாத ஏழை இந்நாட்டில் இல்லை. 2017 ஜூலை 1-ந் தேதி சரக்கு சேவை வரி என்ற ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது முதல், பற்பசைக்கும் குளிக்கும் சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும் 18 சதவிகிதம் வரி வாங்கப்பட்டது. அவை அவசியப் பண்டங்கள் என்று சர்க்காருக்குத் தோன்றி, அவ்வரி 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 22-ந் தேதிதான். இதற்கு எட்டு வருஷங்கள் வேண்டியிருந்தன. இதற்கிடையில் 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசிக்கும் மாவுக்கும் தயிருக்கும் 5 சதவிகித வரி புதிதாக ஏற்பட்டது. கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் கோடீசுவரர் வீட்டுக் குழந்தைக்கும் சோப்பு ஒன்றே, அதன் மேல் வரியும் ஒன்றே. ஆகவே அந்த 20,000 கோடியில் நமது குடும்பத் தலைவியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து போன காசும் கலந்திருக்கிறது. அவளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டென்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சமையற்கட்டுக்கும் சர்க்கார் பொக்கிஷத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை நம் தேசத்தார் ஒரு காலத்தில் நன்கு உணர்ந்திருந்தனர். 1930-ல் காந்தியடிகள் அன்னிய ஆட்சியின் மீது போர் தொடுக்க எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, உப்பு வரியைத் தேர்ந்தெடுத்தார். ஏழையின் கஞ்சிக் கலயத்தில் கைவைக்கும் வரி அது என்பதை உணர்ந்தே அவர் அவ்வாறு செய்தார். அதே வருஷத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களுடன் நடந்தார். உப்பு வரி 1947-ல் ஒழிந்தது, இன்றும் ஜி.எஸ்.டி.யில் உப்புக்கு வரியில்லை. உப்புக்குக் கிடைத்த விடுதலை உப்போடு சேர்த்துப் பானையில் போடும் மற்றப் பண்டங்கள் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை.

விற்பனை வரி நம் மாகாணத்தில் நுழைந்த கதையையும் இங்கு நினைவுகூருவது பொருந்தும். 1937-ல் அமைந்த ராஜாஜி மந்திரிசபை, அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள்ளுக்கடை, சாராயக் கடைகளின் வருமானம் போயிற்று. அந்த நஷ்டத்தை ஈடு செய்யும் பொருட்டே 1939-ல் சென்னை மாகாணத்தில் விற்பனை வரிச் சட்டம் நிறைவேறியது. குடிகாரன் வீட்டுப் பெண்டு பிள்ளைகளின் கண்ணீர்க் காசு வேண்டாம், அதற்குப் பதிலாக எல்லாரும் சிறிது சிறிதாகக் கொடுப்போம் என்பதே அந்த வரியின் தாத்பரியம். 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. பின்னர் 1971-ல் அது தளர்த்தப்பட்டது. இடையில் மீண்டும் வந்தது. 1981-ல் மீண்டும் போயிற்று. 2003-ல் சில்லறை மது வியாபாரத்தையே சர்க்கார் கம்பெனியான டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. மதுவிலக்கு போன பிறகு அதற்கு ஈடாக வந்த வரி போயிற்றா? போகவில்லை. மது வருமானமும் நின்றது, விற்பனை வரியும் நின்றது, பின்னதன் இடத்தில் பெரும்பாலான பண்டங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்தது. ஒரு காரணத்துக்காக வாங்கிய வரி, அக்காரணம் மறைந்த பின்னும் மறைவதில்லை என்பதற்கு நம் மாகாணத்துச் சரித்திரமே சாட்சி.

இதன் விளைவு குடும்பத்தில் எவ்வாறு இருக்கிறதென்று பாருங்கள். 2023 செப்டம்பர் 15-ந் தேதி, குடும்பத் தலைவியருக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கியது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 13,807 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்த 1,000 ரூபாயை நாம் ஏளனமாகப் பேசப் போவதில்லை. தன் பெயரில், தன் கணக்கில், எவரையும் கேளாமல் எடுக்கக்கூடிய பணம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் அளிக்குமென்பதை அறியாதவரே அதை இகழ்வர். ஆனால் 2024-25-ல் மதுபானத்தின் மூலம் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 48,344 கோடி ரூபாய். மகளிர் கையில் கொடுத்ததைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு அது. மனைவியின் கணக்கில் 1,000 ரூபாய் வருகிறது. கணவனுடைய சட்டைப் பையிலிருந்து அதற்கு மேற்பட்ட தொகை தெருக்கோடிக் கடைக்குப் போகிறது. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் வரவென்றும் செலவென்றும் எழுதிப் பார்க்கும் பெண்மணி என்ன சொல்வாள்? "கொடுத்த கை எது, எடுத்த கை எது?" என்றுதான் கேட்பாள். அக்கேள்விக்கு நேரான பதிலை எந்தக் கட்சியின் சர்க்காரும் இதுவரை கூறியதில்லை.

மத்திய சர்க்காரின் கணக்குக்கு வருவோம். லட்சம் கோடி என்று சொன்னால் சாதாரண மனிதர் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. ஆதலின் அதைக் குடும்பக் கணக்காகச் சுருக்கித் தருகிறோம். 2025-26-ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டின்படி மொத்தச் செலவு சுமார் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். இதை மாதம் 50,653 ரூபாய் செலவிடும் ஒரு குடும்பமாக வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்தின் வருமானம் 34,964 ரூபாய். மீதி 15,689 ரூபாய் புதுக் கடன். பழைய கடன்களுக்காக அக்குடும்பம் அந்த மாதத்தில் கட்டும் வட்டி மட்டும் 12,763 ரூபாய். அதாவது, வாங்கும் கடனில் பெரும் பகுதிக்குச் சமமான தொகை முன் வாங்கிய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. நமக்கு வேண்டிய ஒருவர் இப்படிக் குடித்தனம் நடத்துவாரானால், அவர் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? "தம்பி, இது எங்கே போய் முடியும்?" என்று உட்கார்த்தி வைத்துக் கேட்கமாட்டார்களா?

தமிழ்நாட்டின் நிலைமையும் இதற்கு மாறுபட்டதன்று. 2025 மார்ச்சில் சட்டசபையில் சமர்ப்பிக்கப்பட்ட பட்ஜெட்டில், அன்றாட வரவுக்கும் அன்றாட செலவுக்கும் இடையேயுள்ள பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. 2026 மார்ச் இறுதியில் மொத்தக் கடன் 9 லட்சத்து 29 ஆயிரம் கோடி ரூபாயை எட்டுமென்று அதிலேயே கூறப்பட்டிருந்தது. இதற்கு முன் 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதி மந்திரி வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் சுமை இருப்பதாகக் கணக்கிட்டுக் காட்டினார். அது முந்திய சர்க்காரின் குற்றம் என்று எடுத்துக்காட்டுவதற்காக வெளிவந்த அறிக்கை. அதன் பின்னரும் கடன் வளர்ந்ததேயன்றிக் குறையவில்லை. கட்சிகள் மாறுகின்றன, கடன் பத்திரம் மட்டும் அதே மேஜையின் மேல் இருந்துகொண்டிருக்கிறது.

"தேசத்தின் கணக்கை வீட்டுக் கணக்கோடு ஒப்பிடலாகாது, சர்க்கார் கடன் வாங்குவது குற்றமன்று" என்று பொருளாதார நிபுணர்கள் கூறுவர். இதில் உண்மை உண்டென்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். குடும்பஸ்தருக்கு ஆயுள் ஒன்று, சர்க்காருக்கு முடிவில்லை. வரி விதிக்கும் அதிகாரம் குடும்பஸ்தருக்கு இல்லை, சர்க்காருக்கு உண்டு. அணைக்கும் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் கடன் வாங்கினால் பேரன் காலத்திலும் அவை பலன் தரும். அக்கடனில் ஒரு பங்கைப் பேரனும் அடைப்பது நியாயமே. ஆனால் நமது வீட்டுப் பெண்களுக்கு இந்த நியாயம் தெரியாததன்று. வீடு கட்டக் கடன் வாங்குவதையும், பிள்ளையின் படிப்புக்கு நகையை அடகு வைப்பதையும் அவர்கள் தடுப்பதில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் கடன் வாங்கும் நாள் வந்தால்தான் அவர்கள் கலங்குகிறார்கள். மேற்சொன்ன மத்திய பட்ஜெட்டை அதே குடும்பக் கணக்கில் வைத்துப் பார்த்தால், வாங்கிய 15,689 ரூபாய்க் கடனில் 5,238 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போகிறது. அதிலும் பெரும் பகுதி ராஜ்யங்கள் சொத்து உண்டாக்குவதற்காகக் கொடுக்கும் மானியமே என்று நிதி இலாகா சமாதானம் கூறுகிறது. இருக்கலாம். அச்சொத்துக்கள் எங்கே எழுந்தன, எவ்வளவில் எழுந்தன என்று காட்டவேண்டியது அவர்கள் கடமையன்றோ? கடன் வாங்கலாமா, கூடாதா என்பதன்று நமது கேள்வி. வாங்கியது எதற்கு, அதற்கே செலவாயிற்றா என்பதே நமது கேள்வி.

இக்கேள்வியைக் கேட்பதற்கென்றே நமது அரசியல் சட்டம் சபைகளை ஏற்படுத்தியிருக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கலாகாது என்று அதன் 265-வது ஷரத்து கூறுகிறது. சபை ஒதுக்கினாலன்றிப் பொது நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கலாகாது என்பது 114-வது ஷரத்து. பணப் பெட்டியின் சாவி பிரதிநிதிகளின் இடுப்பில் செருகியிருக்க வேண்டுமென்பதே இவ்விரண்டின் கருத்து. நடைமுறை எப்படி இருக்கிறது? 2018 மார்ச் 14-ந் தேதி, கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் இடையே, லோக்சபை அவ்வருஷத்து மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் விவாதமின்றி நிறைவேற்றிவிட்டது. 2023 மார்ச் 23-ந் தேதி, சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுக்கு அதே சபை விவாதமின்றி அனுமதி கொடுத்தது. விவாதிக்காத கோரிக்கைகளையெல்லாம் ஒரே வாக்கெடுப்பில் சேர்த்து நிறைவேற்றும் முறைக்குப் பார்லிமெண்டில் "கில்லட்டின்" என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலைகளை வெட்டிய யந்திரத்தின் பெயர் அது. வேறு பெயர் தேடினாலும் இவ்வளவு பொருத்தமாகக் கிடைத்திராது. இங்கு வெட்டுண்டது கணக்குக் கேட்கும் உரிமை. கூச்சலிட்ட எதிர்க்கட்சியார், விவாதத்துக்கு இடங்கொடாத ஆளுங்கட்சியார் என்ற இருவரில் யார் மீது அதிகக் குற்றம் என்று நாம் தராசில் நிறுக்கப் போவதில்லை. மளிகைக் கடையில் சிட்டையைச் சரிபாராமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையை வீட்டில் எப்படிக் கண்டிப்பார்களோ, அப்படி இருவரையும் கண்டிக்க வேண்டியதே நியாயம்.

முன்னால் கேளாவிட்டாலும் பின்னால் கேட்பதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. இந்தியத் தணிக்கை அதிகாரி சர்க்கார்களின் கணக்கைப் பரிசோதித்து அறிக்கை அனுப்புகிறார். அதைப் பொதுக் கணக்குக் கமிட்டி ஆராய்கிறது. 1967 முதல் பார்லிமெண்டுக் கமிட்டியின் தலைமையை எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவருக்கு அளிப்பது வழக்கமாயிருப்பது மெச்சத்தக்கது. ஆனால் தணிக்கை அறிக்கையைச் சபையின் முன் வைக்கவேண்டும் என்று கூறும் 151-வது ஷரத்து, எத்தனை நாளுக்குள் வைக்கவேண்டும் என்று கூறவில்லை. இந்த ஓட்டையின் வழியாக அறிக்கைகள் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்க முடிகிறது. திட்டம் அறிவித்த மந்திரி மாறி, இலாகாத் தலைவர் ஓய்வு பெற்று, ஒப்பந்தக்காரர் பணத்தையும் பெற்றுக்கொண்டு போன பிறகு, குறை இருந்ததென்று தெரிந்து என்ன பிரயோஜனம்? பால்காரர் தண்ணீர் கலந்தாரென்பதை மூன்று வருஷத்துக்குப் பின் அறிந்துகொள்ளும் வீட்டின் நிலைமைதான் இது.

பத்திரிகைகளாகிய நாமும் இவ்விஷயத்தில் குற்றமற்றவர்களல்லர் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நலம். அறிவிப்பு முதற் பக்கத்தில் வருகிறது. தணிக்கை அறிக்கை வந்தால் உட்பக்கத்தின் மூலையில் நாலு வரியாக வருகிறது. அடிக்கல் நாட்டு விழாவுக்குப் படம் உண்டு. அந்தக் கல்லின் மேல் கட்டிடம் எழுந்ததா என்று பார்க்க ஆள் அனுப்புவதில்லை. சர்க்கார் கொடுக்கும் முழுப்பக்க விளம்பரத்தையும் நாம் வாங்கி அச்சிடுகிறோம். தலைவர்களின் உருவப்படம் தாங்கிய அவ்விளம்பரங்களுக்குப் பணம் தருபவர் அத்தலைவர்களல்லர். பத்திரிகை படிப்பவரே பத்திரிகைக்கும் விலை கொடுத்து, அதிலுள்ள புகழ்ச்சிக்கும் வரியின் மூலம் விலை கொடுக்கிறார். 2015 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதம மந்திரி, தலைமை நீதிபதி ஆகிய மூவரின் படங்களை மட்டும் போடலாமென்று கட்டுப்பாடு விதித்தது. பத்து மாதங்களில், 2016 மார்ச்சில், முதல் மந்திரிகளும் கவர்னர்களும் மற்ற மந்திரிகளும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். சிக்கனத்துக்குத் திறந்த கதவு இவ்வளவு சீக்கிரத்தில் மூடிக்கொண்டது. விளம்பரத்தால் லாபமடையும் நாம் இதைச் சொல்வது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை லாபத்துக்கு முந்தியது.

பொதுப்பணத்தை நெருப்பைப்போல் எண்ணிக் கையாண்ட பரம்பரை நம்முடையது என்பதை இளைஞர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், சுயராஜ்யத்தில் சர்க்கார் ஊழியர் எவருக்கும் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளம் இருத்தல் கூடாது என்று தீர்மானித்தது. 1937-ல் பதவியேற்ற காங்கிரஸ் மந்திரிகள் அந்த 500 ரூபாயையே பெற்றனர். அன்றைய 500 ரூபாயும் இன்றைய 500 ரூபாயும் ஒன்றல்ல. அதே தொகையை இன்று கேட்பது அறிவீனம். 2025 மார்ச்சில் பார்லிமெண்டு அங்கத்தினரின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; விலைவாசி ஏற்றமே காரணமாகக் கூறப்பட்டது. விலைவாசி அங்கத்தினர் வீட்டில் மட்டும் ஏறவில்லை என்பதை அவர்கள் மறவாதிருந்தால் போதும். தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவையும் இங்கு நினைக்கிறோம். லண்டனில் கணக்குப் பரிசோதகர் தொழிலைக் கற்றவர் அவர். 1934-ல் பீஹார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. நிவாரணப் பணம் துன்புற்றவர்க்கேயன்றித் தொண்டர்களுக்கன்று என்று கூறி, காந்தியடிகளின் பரிவாரத்தின் செலவையும் அந்நிதியில் எழுத அவர் மறுத்தார் என்பது அவரை அறிந்தோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதனால் காந்தியடிகளுக்கு அவரிடம் இருந்த மதிப்பு உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

டில்லிக்கும் கோட்டைக்கும் நமது குரல் எட்டாதென்று சோர்வடைவோருக்கு ஒன்று சொல்வோம். கணக்குக் கேட்பதை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். நமது தெருவில் சாலை போடுகிறார்கள். தார் உலர்வதற்குள் குடிநீர்க் குழாய்க்கென்று தோண்டுகிறார்கள். மூடிய சில மாதங்களில் மழைநீர்க் கால்வாய்க்கென்று மறுபடியும் தோண்டுகிறார்கள். ஒரே சாலைக்கு இரண்டு மூன்று தடவை பணம் கொடுத்துவிட்டுக் கடைசியில் பள்ளத்தில் நடக்கிறோம். வீட்டில் வெள்ளையடித்த பிறகு சுவரை இடித்து மின்சாரக் கம்பி புதைக்கும் கொத்தனாரை நாம் மறுபடி கூப்பிடுவோமா? கிராமங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே ஜனங்களின் முன் வைக்கப்பட வேண்டும். ஆனால் வாக்காளர் பலர் வருவதில்லை. வந்தவர்களும் வருகைப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தப் பிரஜைக்கும் சர்க்கார் ஏட்டைப் பார்க்க உரிமை தருகிறது. நம் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று, அதை எத்தனை வருஷத்துக்குப் பராமரிக்க ஒப்பந்தக்காரர் கடமைப்பட்டவர் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். வீட்டு நோட்டில் 200 ரூபாயைத் தேடும் கைகளுக்கு இது கடினமான வேலையன்று.

நாம் சர்க்கார்களிடம் கேட்பது அதிகமில்லை. மானியக் கோரிக்கைகளுக்கென்று குறிப்பிட்ட நாட்களை ஒதுக்கி, பெரிய இலாகாக்களின் கோரிக்கைகளையேனும் விவாதிக்காமல் நிறைவேற்றுவதில்லை என்று சபைகள் விதி செய்துகொள்ள வேண்டும். தணிக்கை அறிக்கை கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள், அல்லது அடுத்த கூட்டத்தொடரின் முதல் வாரத்தில், சபையில் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டுடனும், சென்ற வருஷத்தில் அறிவித்தவை இவை, செலவானது இவ்வளவு, முடிந்தது இவ்வளவு, முடியாததன் காரணம் இது என்று சாதாரண ஜனங்களுக்கு விளங்கும் தமிழில் சில பக்கங்கள் வெளிவர வேண்டும். விளம்பரச் செலவு தனித் தலைப்பில் காட்டப்பட வேண்டும். இவற்றுக்குப் புதுவரி வேண்டியதில்லை, புதுக்கடன் வேண்டியதில்லை, மனம் ஒன்றுதான் வேண்டும்.

நமது பங்குக்கு நாமும் ஒன்றைச் செய்வதாக உறுதி கூறுகிறோம். பெரிய திட்டம் எதையேனும் இப்பத்திரிகையின் முதற் பக்கத்தில் பிரசுரித்தால், அதே தேதியில் அடுத்த வருஷம், அதே முதற் பக்கத்தில், அதன் கதி என்னவென்று பிரசுரிப்போம். நன்றாக நடந்திருந்தால் தாராளமாகப் பாராட்டுவோம். நடக்கவில்லையென்றால் அதையும் அதே எழுத்தளவில் அச்சிடுவோம். நாம் மறந்தால் நினைவூட்டுவது வாசகர்களின் பொறுப்பு.

வீட்டில் கணக்குக் கேட்கும் மனைவியைக் கணவன் விரோதியென்று எண்ணுவதில்லை. குடும்பம் கெடாதிருக்க வேண்டுமென்ற அக்கறையே அக்கேள்வியைப் பிறப்பிக்கிறதென்று அவன் அறிவான். நாட்டின் கணக்கைக் கேட்கும் பிரஜையையும் சர்க்கார்கள் அவ்வாறே மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்கும் பழக்கத்தைப் பிரஜைகளும் கைவிடலாகாது. இன்றிரவு நோட்டை மூடுவதற்கு முன், நமது குடும்பத் தலைவிகள் அதன் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் தொடங்குவார்களாக: நமது ஊருக்கென்று சர்க்கார் சொன்னது என்ன, செய்தது என்ன. அந்தப் பக்கம் நிரம்பத் தொடங்கும் நாளில், கூச்சலுக்கு நடுவே லட்சக்கணக்கான கோடிகளை நிறைவேற்றும் துணிவு எந்தச் சபைக்கும் இராதென்பது நமது திடமான நம்பிக்கை.